ஏலமலையில் ஓர் ஏணி

ஒவ்வொரு வருஷமும் மார்ச் 20 வந்தால் ஒரு பட்டியலும் வந்துவிடுகிறது. உலக மகிழ்ச்சி அறிக்கை. 2025 பட்டியலில் 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118ஆம் இடம். பாகிஸ்தான் 109, நேபாளம் 92. பின்லாந்து தொடர்ந்து எட்டாவது முறையாக முதலிடம். அன்றைக்குச் சமூக ஊடகங்களில் இரண்டு வகைப் பதிவுகளைப் பார்க்கலாம். ஒன்று, “பாகிஸ்தானுக்குக் கீழயா நாம? யாரு கணக்குப் போட்டது?” என்கிற கோபம். இன்னொன்று, “எங்க ஊருக்கு வந்து பாருங்க, கஞ்சி குடிச்சாலும் நிம்மதியா இருப்பாங்க” என்கிற பெருமை. இரண்டு தரப்புமே, அந்த அறிக்கைக்காக மக்களிடம் என்ன கேட்டார்கள் என்று பார்ப்பதில்லை.

கதையையும் கவிதையையும் வரிவரியாகப் பிரித்துப் படிக்கிற கூட்டம் நாம். ஒரு கேள்வியையும் அப்படிப் படிக்கலாம் இல்லையா? அதைத்தான் இங்கே செய்யப் பார்க்கிறேன். எனக்குப் பழக்கமான இடம் போடிநாயக்கனூரும் அதற்கு மேலே கிடக்கிற ஏலமலையும். அதனால் அந்தக் கேள்வியை அங்கே கொண்டுபோய் வைத்துப் படிக்கிறேன்.

1

கேள்வி இதுதான். ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கீழ்ப்படி பூஜ்யம், மேல்படி பத்து. உங்களுக்கு வாய்க்கக்கூடிய ஆகச்சிறந்த வாழ்க்கை மேல்படி. ஆக மோசமான வாழ்க்கை கீழ்ப்படி. இப்போது எந்தப் படியில் நிற்பதாக நினைக்கிறீர்கள்? அவ்வளவுதான். கேலப் நிறுவனம் பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேரிடம் இதைக் கேட்கிறது. மூன்று ஆண்டுப் பதில்களின் சராசரிதான் ஒரு நாட்டின் இடத்தைத் தீர்மானிக்கிறது. நேற்று சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா என்றெல்லாமும் அந்தக் கணக்கெடுப்பில் கேட்கிறார்கள். ஆனால் பட்டியலின் வரிசைக்கு ஏணி மட்டுமே கணக்கு. வேடிக்கை என்னவென்றால், மகிழ்ச்சிப் பட்டியலைத் தீர்மானிக்கிற இந்தக் கேள்வியில் மகிழ்ச்சி என்ற சொல்லே கிடையாது.

இந்த ஏணியைச் செய்தவர் ஹேட்லி கேன்ட்ரில் என்கிற அமெரிக்க உளவியலாளர். 1965இல் வந்த அவருடைய ‘தி பேட்டர்ன் ஆஃப் ஹியூமன் கன்சர்ன்ஸ்’ என்ற நூலில் இந்தியா உட்படப் பல நாடுகளில் கேட்டு வாங்கிய பதில்கள் இருக்கின்றன. கேன்ட்ரில் ஏணியில் ஆரம்பிக்கவில்லை என்பது முக்கியம். எதிர்காலத்தைப் பற்றி உங்கள் ஆசைகள் என்ன, எது நடந்தால் நன்றாக வாழ்ந்ததாக நினைப்பீர்கள் என்று முதலில் பேசவிட்டார். அடுத்து, எதற்குப் பயப்படுகிறீர்கள், எது நடந்தால் வாழ்க்கை கெட்டுப்போனதாக நினைப்பீர்கள் என்று பேசவிட்டார். அந்தப் பேச்சை அவரவர் சொற்களிலேயே எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் ஏணி. முதலில் சொன்ன ஆசை மேல்படி, சொன்ன பயம் கீழ்ப்படி. ஏணியின் இரண்டு முனைகளையும் பதில் சொல்கிறவரே கட்டிக்கொள்கிறார்.

1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளியலாளர், வருமானம் கூடினால் மகிழ்ச்சி கூடுகிறதா என்று கேட்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கேன்ட்ரிலின் பதில்கள் சிலவற்றை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவற்றில் ஒன்று, எழுதப் படிக்கத் தெரியாத 35 வயது இந்திய விவசாயக் கூலி சொன்னது. மாதம் பத்து டாலர் அளவுக்கு வருமானம். அடுத்தவன் நிலத்தில் வேலை செய்கிற அந்த மனிதர் ஒரு மகனையும் சொந்தமாகக் கொஞ்சம் நிலத்தையும் கேட்கிறார். கூடவே தனக்கென்று ஒரு வீடு, பாலுக்கும் நெய்க்கும் ஒரு மாடு, மனைவிக்குக் கொஞ்சம் நல்ல துணி. அதே கட்டுரையில் வருகிற ஓர் அமெரிக்கர் புது கார், ஒரு படகு, நாலு பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி என்று ஆசைப்படுகிறார். இருவரும் ஏணியில் ஐந்தாவது படி என்று சொன்னால், அந்த இரண்டு ஐந்தும் ஒன்றா? பேச்சு கையில் இருந்தால் இல்லை என்று தெரிந்துவிடும். எண் மட்டும் இருந்தால் தெரியாது.

இன்றைய கணக்கெடுப்பில் பேச்சை விட்டுவிட்டார்கள். ஏணியை வைத்துக்கொண்டார்கள். காரணம் புரியாமல் இல்லை. நூற்றைம்பது நாடுகளில், அத்தனை மொழிகளில் ஆசைகளை எழுதி வாங்கி ஒப்பிடுவது பெரும்பாடு. எண்ணைக் கூட்டி வகுத்துவிடலாம். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் கொடுத்தது அந்தப் பேச்சுதான்.

2

போடிக்காரர்களுக்கு அளவு புதிதல்ல. ஏலக்காயைச் சல்லடையில் சலித்து எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று பிரிப்பார்கள். ஒரு லிட்டர் படியில் எத்தனை கிராம் நிற்கிறது என்று லிட்டர் வெயிட் பார்ப்பார்கள். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் நடக்கிறது. ஏலம் ஏலம் போகிற ஊர். அத்தனை கணக்கும் கையில் இருந்தாலும் வியாபாரி ஒரு காயை உடைத்து மோந்து பார்க்காமல் இருப்பதில்லை. அதனால் ‘மனசை அளக்க முடியுமா சார்’ என்று அளவையே மொத்தமாக மறுப்பது என் வேலை இல்லை. அளந்த பிறகு உடைத்துப் பார்க்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

காய் எடுப்புக் காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, தெரிந்தவர்கள் சிலரிடம் பேச்சோடு பேச்சாக ஏணிக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று பதில்கள் மனதில் நின்றன.

தினமும் ஜீப்பில் மேலே காய் எடுக்கப் போகிற ஓர் அக்கா கேட்டார்: “எந்த மாசத்துக்குக் கேக்குற தம்பி? ஆவணி புரட்டாசின்னா ஏழு போட்டுக்க. சித்திரையில வந்து கேட்டா ரெண்டு.”

ஒரு பெரியம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: “அஞ்சுன்னு சொல்லலாம்தான். நீ மூணுன்னே எழுதிக்கப்பா. அஞ்சுன்னா குடுக்கிறதையும் நிறுத்திப்புடுவாங்க.” நான் எதையும் எழுதவே இல்லை. அவர் வாழ்க்கையில் வீட்டு வாசலுக்கு வந்து கேள்வி கேட்டவர்கள் எல்லாம் ரேஷன் கார்டுக்கோ, முதியோர் பணத்துக்கோ, நூறு நாள் வேலைக்கோ வந்தவர்கள்.

மூட்டை சுமந்து ஓய்ந்துபோன ஒரு பெரியவர் உடனே சொன்னார்: “எனக்கென்னப்பா, எட்டு. பிள்ளைக கரையேறிருச்சு.” சொன்ன கையோடு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நாலு பேரு இருக்கிற இடத்துல இதெல்லாம் கேக்காத.” கண்ணு பட்டுவிடும்.

ஒரே கேள்விக்கு ஒருவர் பருவத்தைச் சொல்கிறார், ஒருவர் அரசாங்கத்தைப் பார்த்துப் பேசுகிறார், ஒருவர் திருஷ்டிக்குப் பயப்படுகிறார். மூன்றையும் கூட்டி வகுத்தால் ஐந்தோ ஆறோ வரும். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது எதன் அளவு?

பெரியவர் சொன்ன ‘கரையேறுதல்’ என்ற சொல்லில் கொஞ்சம் நிற்கலாம். தமிழில் இந்த விஷயத்துக்கு ஒரு சொல் இல்லை, பல சொற்கள் இருக்கின்றன. மகிழ்ச்சி பெரும்பாலும் எழுத்திலும் மேடையிலும் இருக்கிறது. சந்தோஷம் ஒரு நிகழ்ச்சிக்கானது. கல்யாணம், பிள்ளை பாஸானது. திருப்தி பெரும்பாலும் சாப்பாட்டுக்கும் செய்த வேலைக்கும். நிம்மதி என்பது எதுவும் வந்து கழுத்தைப் பிடிக்காமல் இருப்பது. கடன் இல்லை, தூக்கம் வருகிறது. ஆனால் மொத்த வாழ்க்கையையும் எடைபோட்டுச் சொல்ல வேண்டி வந்தால் போடிப் பக்கம் வருகிற சொல் ‘கரையேறிட்டோம்’ அல்லது ‘இன்னும் கரையேறல’. கேன்ட்ரிலுக்கு ஏணி. இங்கே ஆறு. ஆற்றில் இருக்கிறவர் தண்ணீரில் இருக்கிறார் அல்லது கரையில் இருக்கிறார். ஆறரை என்ற இடம் அதில் கிடையாது. இன்னொன்றும் உண்டு: ஏணியில் ஓர் ஆள்தான் ஏறலாம். கரையேறுவது வீடு. மகளைக் கட்டிக்கொடுத்து, மகன் வேலைக்குப் போய், கடன் அடைந்தால்தான் அந்தப் பெரியவருக்கு எட்டு. ‘உங்களுக்கு வாய்க்கக்கூடிய’ என்று ஒருமையில் கேட்கிற கேள்விக்கு அவர் பன்மையில் பதில் சொல்கிறார்.

3

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. அமர்த்தியா சென் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார். நெடுநாள் இல்லாமையில் வாழ்கிற மனிதர் தன் ஆசையைச் சுருக்கிக்கொள்கிறார். சின்னச் சின்னதில் திருப்தி காணப் பழகிவிடுகிறார். அப்புறம் அவரிடம் போய் எப்படி இருக்கிறீர்கள் என்றால் நல்லா இருக்கேன் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவருக்கு ஒன்றும் தேவையில்லை என்று முடிவுகட்டினால் அது அநியாயம்.

சென் காட்டுகிற உதாரணம் 1944இல் நடந்தது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், கல்கத்தா அருகே சிங்கூரில் அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம்தான். அந்தக் காலத்து வங்காளத்தில் விதவையின் சாப்பாடும் வைத்தியமும் எந்த நிலையில் இருந்தன என்று தெரிந்த யாரும், அவர்கள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று சொல்லமாட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்வதற்கே, அது சரியாக இருக்க வேண்டியது என்ற நினைப்பு முதலில் வேண்டும்.

2002இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் சென் இதையே மாநிலங்களுக்கு வைத்துப் பார்த்தார். கேரளத்தில் ஆயுள் அதிகம், ஆனால் நோய் இருப்பதாகச் சொல்கிறவர்களும் அங்கேதான் அதிகம். பீகாரில் ஆயுள் குறைவு, நோய் இருப்பதாகச் சொல்கிறவர்களும் குறைவு. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்கிற இடத்தில்தான் ஒரு வலிக்கு நோய் என்று பெயர் கிடைக்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு போடிமெட்டு ஞாபகம் வரும். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் மாநில எல்லை. அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலை. விடிவதற்கு முன் கிளம்புகிற ஜீப்புகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குப் போய், சாயங்காலம் திரும்புகிறார்கள். காலையில் ஒரு மாநிலத்து ஏணி, பகலில் இன்னொரு மாநிலத்து ஏணி. எது அவர்களுடைய மேல்படி? தோட்டத்துக்காரர் வீடா, அங்கே பிள்ளைகள் படிக்கிற பள்ளியா, கீழே ஊரில் பக்கத்து வீட்டு மாடியா? சுயமாகக் கட்டிக்கொள்கிற ஏணி என்றார் கேன்ட்ரில். ஆனால் யாரும் வெறுங்கையால் கட்டுவதில்லை. கண்ணில் பட்ட மரத்தை வைத்துத்தான் கட்டுகிறார்கள். அந்த மரம் கண்ணில் பட அனுமதித்தது யார் என்பது எண்ணில் தெரியாது.

4

இந்த இடத்தில் நம் பக்கத்துப் பொய் ஒன்றையும் பேசியாக வேண்டும். ‘ஏழைதான் நிம்மதியா தூங்குறான்’ என்கிற பொய். தமிழ் சினிமாவும் வாட்ஸப்பும் அதைச் சலிக்காமல் சொல்கின்றன. சில சமயம் அறிவியலையும் சாட்சிக்குக் கூப்பிடுகின்றன.

ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் அவருடைய தந்தை எட் டீனரும் 2001இல் வெளியிட்ட கல்கத்தா ஆய்வு அப்படிக் கூப்பிடப்படுகிற ஒன்று. குடிசைவாசிகள், பாலியல் தொழிலாளர்கள், தெருவோரம் வாழ்பவர்கள் என 83 பேரிடம் கேட்டார்கள். குடும்பம், உறவு என்று தனித்தனியாகக் கேட்டபோது பதில்கள் திருப்தியின் பக்கம் இருந்தன. இந்தப் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். மொத்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டபோது சராசரி அதிருப்திப் பக்கம் சாய்ந்தது. வசதியானவர்களோடு ஒப்பிட்டால் குறைவு, ஆனால் நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகம் என்பதுதான் அவர்கள் எழுதியது.

லாட்டரிக் கதையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு எல்லைதாண்டிப் போய் கேரளா லாட்டரி வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அவர்களைப் பார்த்து, “லட்சம் விழுந்தாலும் ஆறு மாசத்துல பழைய மனசுதான், ஆராய்ச்சியே இருக்கு” என்று சொல்பவர்களையும் தெரியும். அந்த ஆராய்ச்சி 1978இல் பிரிக்மனும் சக ஆய்வாளர்களும் செய்தது. இல்லினாயில் பரிசு விழுந்த 22 பேர், விபத்தில் உடம்பு செயலிழந்த 29 பேர், ஒப்பிடுவதற்கு 22 பேர். இவ்வளவு சின்னக் கணக்கு. பரிசு வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை என்பது உண்மை. ஆனால் விபத்துக்குள்ளானவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மகிழ்ச்சியைத்தான் சொன்னார்கள். ‘எல்லாம் பழகிவிடும்’ என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. 2020இல் ஸ்வீடனில் பெரிய பரிசு விழுந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு, வாழ்க்கைத் திருப்தி கூடியது பல வருஷம் நிலைத்தது என்றே காட்டியது.

பணத்தால் ஒன்றும் ஆகாது என்பது கூலி கொடுக்கிறவருக்குச் சௌகரியமான தத்துவம். 2019இல் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூபாய்வரை தொட்டபோது கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. அந்த நேரத்தில் ‘அவங்க இருக்கிறத வச்சு சந்தோஷமா இருக்கிற ஜனங்க’ என்ற வாக்கியத்துக்கு ஒரு விலை உண்டு. மகிழ்ச்சியின் அளவை நான் சந்தேகத்தோடு படிக்கக் காரணமே இதுதான். எண் அதிகமாக வந்தாலும் குறைவாக வந்தாலும் அதை வைத்து யாரோ எதையோ மறுக்க முடிகிறது.

5

இந்த மலையில் கேன்ட்ரில் விட்டுப்போன பாதிக் கேள்வியை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடினால் எனக்குக் கிடைப்பது ஒரு சினிமா. லெனின் பாரதி இயக்கி 2018இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. மலைக்கும் அடிவாரத்துக்கும் மூட்டை சுமக்கிற ரங்கசாமிக்கு இருப்பது ஒரே ஆசை, சொந்தமாகக் கொஞ்சம் நிலம். கேன்ட்ரிலின் 35 வயதுக் கூலி சொன்ன அதே ஆசை. இடையில் அரை நூற்றாண்டு போயிருக்கிறது.

அந்தப் படத்தின் முதல் பாதியைச் சிலர் ‘வெள்ளந்தி மனிதர்களின் மகிழ்ச்சி’ என்று புகழ்ந்து பேசக் கேட்டிருக்கிறேன். நடை, டீக்கடை, கிண்டல், ஒருவருக்கொருவர் கைகொடுப்பது எல்லாம் இருக்கிறது. எனக்கு அது அப்படிப் படவில்லை. படம் ரங்கசாமியின் முகத்தை விடவும் அவன் முதுகையும் பாதத்தையும் அதிகமாக நம்புகிறது. அவன் சந்தோஷமாக இருக்கிறானா என்று அது கேட்பதே இல்லை. எதற்காக இத்தனை தூரம் நடக்கிறான் என்று மட்டும் காட்டுகிறது. நிலம் கிடைக்கிறது, கடனில் போகிறது. கடைசியில் அதே இடத்தில் எழும்பிய காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். அங்கே உட்கார்ந்திருக்கிறவனிடம் போய் எந்தப் படி என்று கேட்டால் என்ன சொல்வான்? மாதச் சம்பளம், நிழல், சுமை இல்லை. ஐந்து என்றுகூடச் சொல்லலாம். மூட்டை தூக்கிய காலத்தில் கேட்டிருந்தால் நான்கு என்று சொல்லியிருக்கலாம். எண்படி பார்த்தால் வாழ்க்கை முன்னேறியிருக்கிறது! மேல்படியே காணாமல் போனதை எண் சொல்லாது. படம் சொல்கிறது. அதனால்தான் அதை நல்ல படம் என்கிறேன்.

குறையும் உண்டு. ஏலத் தோட்ட வேலையில் பெரும்பகுதி பெண்கள். ஏலச்செடியின் சரம் தரையோடு கிடக்கும். குனிந்தும் குத்தவைத்தும் நாள் முழுக்கக் காய் எடுக்க வேண்டும், அட்டைக்கடியோடு. படத்தில் பெண்கள் இருக்கிறார்கள், உழைக்கிறார்கள், மதிப்போடுதான் காட்டப்படுகிறார்கள். ஆனால் கனவு ரங்கசாமிக்குத்தான். அவன் மனைவி ஈஸ்வரி அந்தக் கனவைத் தாங்குகிறவள். அவளுக்கென்று ஓர் ஏணி இருந்தால் மேல்படியில் என்ன இருக்கும் என்று படம் கேட்கவில்லை. நிலமாகவே இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம்.

6

அறிவியல் இதை யோசிக்கவே இல்லை என்று சொன்னால் தவறு. 2004இல் டேனியல் கானமனும் சகாக்களும் டெக்சாஸில் வேலைக்குப் போகிற 909 பெண்களிடம் வேறு மாதிரி கேட்டார்கள். நேற்றைய நாளைத் துண்டு துண்டாக எழுதுங்கள், ஒவ்வொரு துண்டிலும் யாரோடு இருந்தீர்கள், எப்படி இருந்தது என்று சொல்லுங்கள் என்றார்கள். வேலைக்குப் போய்வரும் பயணம் கடைசிப் பக்கம் வந்தது, நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பது முன்பக்கம் வந்தது. பூடானின் மொத்த தேசிய மகிழ்ச்சிக் கணக்கிலும் ஒன்பது துறைகள், 33 குறியீடுகள். தூக்கம், நேரம், அக்கம்பக்கம் எல்லாம் அதில் வருகிறது. ஒற்றை ஏணியைவிட இவை மனிதரிடம் நெருங்கி வருகின்றன.

சித்திரையில் ரெண்டு என்ற அக்காவின் நாளை இப்படிப் பிரித்தால் என்ன வரும்? நாலு மணிக்கு எழுந்து சோறாக்குவது, ஜீப், காய் எடுப்பு, மறுபடி ஜீப், மறுபடி அடுப்பு. ஆள் நெருக்கி அடைத்த அந்த ஜீப் ஆபத்தானது, உயிர் போன விபத்துகள் இந்த மலையில் நடந்திருக்கின்றன. ஆனால் நாளில் எந்த நேரம் பிடிக்கும் என்று கேட்டதற்கு அவர் தயங்காமல் சொன்னது ஜீப்பைத்தான். “வீட்லயும் வேலை, தோட்டத்துலயும் வேலை. ஜீப்புலதான தம்பி சும்மா உக்காந்திருக்கோம். பாட்டு, பேச்சு, சிரிப்பு.” டெக்சாஸில் பயணம் வேறு, சிநேகிதிகளோடு பேச்சு வேறு. இங்கே இரண்டும் ஒரே ஜீப்பில். இதைக் கேட்டுவிட்டு ஜீப்பில் அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், பஸ் எதற்கு என்று ஓர் அதிகாரி எழுதினால்? உட்கார வேறு இடம் இல்லாததால்தான் அது நல்ல நேரம் என்பதையும் சேர்த்து எழுதினால்? பதில் ஒன்றுதான். முதலாமவர் எண்ணை எடுத்துக்கொண்டார், இரண்டாமவர் பேச்சை எடுத்துக்கொண்டார்.

அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேன்ட்ரில் ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பினால் போதும். முதலில் பேசவிடுங்கள், அப்புறம் ஏணியைக் கொடுங்கள். எண்ணை அச்சிடும்போது அந்தப் பேச்சையும் பக்கத்தில் அச்சிடுங்கள். ஒரு வீட்டில் ஒருவர் பேசியதை வீட்டின் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அறுபது வருஷத்துக்கு முந்தைய அந்த 35 வயதுக் கூலி தன் மனைவிக்கு நல்ல துணி வேண்டும் என்று சொன்னது பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண் என்ன கேட்டிருப்பார் என்பது அந்தப் பதிலில் இல்லை.